மேகாத்தும் எங்கள் ரைபிள் டீமும்

வியாழன் இரவு, கோவை

வந்து இறங்கியாச்சு. ஏர்போர்ட் வாசலில் நான்கு பேர் ட்ரைபாடும் ஸ்கோப் பையுமாக நிற்பதைப் பார்த்த டாக்ஸிக்காரர் "பறவை பாக்கறதுக்கு வந்தீங்களாங்க?" என்றார். "இல்லீங்க, காத்து பாக்கறதுக்கு" என்று கேப்டன் அக்கா சொன்னதும் கண்ணாடியில் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு ஏசியைக் கூட்டி வைத்தார்.

எங்களைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இங்கிலாந்தில் பிஸ்லி மைதானத்தில் நீண்டதூர ரைபிள் சுடுகிற ஒரு சின்ன கிளப் டீம், அதில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் நான்கு பேர். கேப்டன் அக்காவுக்குக் கோபிச்செட்டிபாளையம். கோச் அண்ணைக்கு வல்வெட்டித்துறை, அவரை அண்ணை என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். தம்பி அங்கேயே பிறந்து வளர்ந்தவன், 19 வயது, அம்மா வழியில் தாராபுரம். எனக்குக் காங்கயம் பக்கம். ஜூலையில் பிஸ்லியின் பெரிய போட்டிகள் முடிந்த கையோடு கிளம்பிவிட்டோம். ரைபிள் ஒன்றும் கொண்டுவரவில்லை. அதற்கான அனுமதி, காகிதம், கஸ்டம்ஸ் எல்லாம் தனிக் கதை, ஒறம்பரை (உறவுக்காரர்) வீட்டுக்கு வரும்போது அந்தத் தலைவலி யாருக்கு வேண்டும்? எங்களுக்குத் தேவை காற்று மட்டும்தான்.

ஏன் காற்று என்றால், நாங்கள் சுடுவது 1000 கெஜம், அதாவது 914 மீட்டர். குப்புறப் படுத்து, இடது கையைத் தோல்வாரில் கோத்து இறுக்கி, ரைபிளில் தொலைநோக்கி எதுவும் இல்லாமல் சின்னத் துளை வழியாகப் பார்த்துச் சுட வேண்டும். குண்டின் எடை சுமார் 10 கிராம். அது அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகும், அந்த ஒன்றரை விநாடியும் அது காற்றின் கையில்தான். குறுக்கே மணிக்கு ஒரு மைல் வேகத்தில் காற்று வந்தால், அது நம் முகத்தில் பட்டால்கூடத் தெரியாது, குண்டு ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி விழும். 20 மைல் என்றால் நாலரை, ஐந்து மீட்டர். அதாவது குறிப்பலகையை நேராகப் பார்த்துச் சுட்டால் பக்கத்துப் பலகையைக்கூடத் தாண்டிப் போய்விடலாம்.

டீம் மேட்சில் சுடுகிறவர் காற்றைப் பற்றியே யோசிக்கக் கூடாது. பக்கத்தில் கோச் உட்கார்ந்து, ட்ரைபாடில் தனியாக வைத்த தொலைநோக்கியான ஸ்கோப்பில் பார்த்து எவ்வளவு தள்ள வேண்டும் என்று சொல்வார், சில கோச்சுகள் கையை நீட்டி ரைபிளின் சைட்டை, அதாவது அந்தக் குறிபார்க்கும் துளையை, அவர்களே கிளிக் கிளிக்காகத் திருகிவிடுவார்கள். சுடுகிறவரின் வேலை சுத்தமாக விடுவதும், விட்டதும் "வலப்பக்கம் கொஞ்சம் போயிருக்கும்" என்று ஒளிக்காமல் சொல்வதும். பக்கத்தில் நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குண்டும் எங்கே விழுந்தது என்று புள்ளி வைப்பவன் நான், இதைத்தான் ப்ளாட்டிங் என்பது.

இப்போது டீமுக்கு இன்னொரு காற்று கோச் வேண்டும். அக்காவின் மனதில் தம்பி. அண்ணைக்கு அதில் சம்மதமில்லை. இந்தப் பயணத்தின் உண்மையான காரணம் அதுதான், ஊர், உறவு, ஆடி விருந்து எல்லாம் அப்புறம்.

வெள்ளி, கேத்தனூர்

பல்லடத்திலிருந்து உடுமலை போகிற ரோடு ஏறக்குறைய நேர் தெற்காகப் போகிறது. ஆடி மாசத்து மேகாத்து நேர் மேற்கிலிருந்து வருகிறது. அதனால் ரோட்டோரம் எங்கே நின்று தெற்கே பார்த்தாலும் முழுக் குறுக்குக் காற்று கிடைக்கும். இப்படி ஒரு ஏற்பாட்டை எந்த மைதானத்திலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

காரணம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டுகிற இடத்தில், நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. மழை பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கமே தீர்ந்துவிடும், காற்று மட்டும் கணவாயில் புகுந்து வேகம் பிடித்து இந்த மேட்டாங்காட்டுக்கு வரும். மழை வராத காட்டில் காற்றாலை நட்டு, அதில் வந்த மின்சாரத்தில் நூற்பாலை ஓட்டினார்கள் இந்த ஊர் முதலாளிகள். கெட்டிக்காரர்கள்.

விளையாட்டு இதுதான். ஓர் இடத்தில் நிற்போம், ஆளுக்கொரு சீட்டில் காற்றின் வேகமும் திசையும் எழுதுவோம், அப்புறம் கெஸ்ட்ரல் என்கிற கையடக்கக் காற்று மீட்டரைத் தூக்கிப் பிடித்து அளப்போம். அதிகம் தவறியவர் டீ வாங்க வேண்டும்.

முதல் இடத்திலேயே அண்ணை காற்றாலையைப் பார்க்காதே என்று தம்பியை அதட்டினார். சுற்றுகிற வேகத்தை வைத்துக் காற்றின் வேகம் சொல்ல முடியாது, ஒரு அளவுக்கு மேல் எவ்வளவு அடித்தாலும் அந்த இயந்திரம் தன் வேகத்தை மாற்றாது. அதோடு அந்தத் தலை எண்பது, நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் குண்டு மிஞ்சிப் போனால் மூன்று நான்கு மீட்டர் உயரத்துக்கு எழும்பி இறங்கும். மேலே அடிக்கிற காற்று வேறு, கீழே வேறு.

தம்பி மெதுவாக, "வேகத்துக்கு இல்ல அண்ணை, முகத்தைப் பாருங்க" என்றான். வரிசையாக நின்ற காற்றாலைகள் எல்லாம் காற்று வரும் பக்கம்தான் முகம் திருப்பி நிற்கும். மேற்கே தள்ளி நின்ற நான்கைந்து மட்டும் லேசாகத் தெற்கே திரும்பியிருந்தன, கிழக்கே இருந்தவை இன்னும் திரும்பவில்லை. அதாவது திசை மாறிய காற்று வந்துகொண்டிருக்கிறது, எங்களிடம் இன்னும் வரவில்லை. அண்ணை ஒன்றும் சொல்லாமல் தன் சீட்டில் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். நான் பார்த்தேன்.

திசை ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பலரும் 45 டிகிரியில் சாய்ந்து வருகிற காற்றுக்குப் பாதிக் கணக்குப் போடுவார்கள். உண்மையில் அதில் எழுபது சதவீதம் குறுக்கே தள்ளும். பாதி என்பது 30 டிகிரிக்குத்தான். 20 மைல் காற்றில் இந்த ஒரு தப்புக்கு ஒரு மீட்டர் போய்விடும்.

மத்தியானம் ஒரு சோளக்காட்டு ஓரத்தில் ட்ரைபாடை நட்டதுதான் தாமதம், மூன்று பைக்கில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். முதல் கேள்வியே "டவர் போட அளக்கறீங்களா?" கொங்கு விவசாயிகளிடம் முக்காலியோடு போய் நிற்பது என்ன விஷயம் என்று எனக்குத் தெரிந்திருந்தாலும் மற்றவர்களுக்குத் தெரியாது. எரிவாயுக் குழாய், உயர்மின் கோபுரம் என்று இந்தக் காடுகளில் அளவெடுக்க வந்தவர்களோடு இவர்கள் எத்தனை வருஷமாகப் போராடியிருக்கிறார்கள்! அக்கா கோபிக்காரப் பேச்சில் எடுத்துச் சொன்னார். ஒரு பெரியவர் ஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "காத்தைப் பாக்கறதுக்கு எதுக்குங்க கண்ணாடி? துண்டை எடுத்துத் தோள்ல போட்டா தெரிஞ்சுட்டுப் போகுது" என்றார். அப்புறம் அவரே இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

சனி, பூளவாடி, குடிமங்கலம்

இன்றைக்குக் கானல் பார்க்கிற பாடம். ஸ்கோப்பைக் குறிப்பலகை மேல் கூர்மையாக வைக்காமல் கொஞ்சம் முன்னால், பாதி வழிக்குக் கொண்டுவந்தால் தரையிலிருந்து எழும் வெப்பம் ஓடுவது தெரியும். காற்றில்லை என்றால் நேர் மேலே கொதிக்கும். லேசான காற்றில் சாயும், இன்னும் அடித்தால் படுத்துக்கொண்டு ஓடும். மென்மையான காற்றுக்கு இதைப் போல ஒரு கருவி கிடையாது. ஆனால் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் தாண்டினால் கானல் தட்டையாகிவிடும், பதினைந்துக்கும் இருபதுக்கும் வித்தியாசம் தெரியாது. பூளவாடியில் காலை ஏழு மணிக்கு அருமையாகத் தெரிந்த கானல் ஒன்பதரைக்கெல்லாம் எதற்கும் உதவாமல் போனது. இங்கிலாந்து வெயிலில் கானல் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது நல்ல அடி.

அப்புறம் என்ன வழி? கண்ணில் பட்டதை எல்லாம் மைதானத்துக் காற்றுக்கொடியாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். பழைய சுடுநர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: கொடி கம்பத்திலிருந்து எத்தனை டிகிரி விலகிப் பறக்கிறதோ அதை நான்கால் வகுத்தால் மைல் கணக்கு வரும். குடிமங்கலத்தில் ஒரு வீட்டு வாசலில் காய்ந்த நாலு முழ வேட்டியை வைத்து அதைச் சோதித்தோம். ஈரமாக இருந்தவரை கணக்கு குறைவாகக் காட்டியது, காய்ந்ததும் கிட்டத்தட்டச் சரியாக வந்தது. வேட்டிக்குச் சொந்தக்காரர் திண்ணையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், கடைசிவரை ஒன்றும் கேட்கவில்லை.

கோழிப்பண்ணைப் படுதாக்கள்தான் இன்றைய கண்டுபிடிப்பு. நீளமான கொட்டகையின் பக்கவாட்டில் தொங்கும் படுதாவில் காற்றின் அலை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடுகிறது. ஒரு வீச்சு எவ்வளவு நீளம், இரண்டு வீச்சுக்கு நடுவில் எத்தனை விநாடி இடைவெளி என்று கடிகாரம் வைத்துக் குறிக்கலாம். நான் பக்கம் பக்கமாகக் குறித்தேன். வீச்சு வந்தால் 22 மைல், ஓய்ந்தால் 14. சராசரி 18 என்று வைத்துக்கொண்டால் எந்தக் குண்டும் சரியாக விழாது, ஏனென்றால் 18 என்ற காற்று அங்கே அடிக்கவே இல்லை.

இதைத்தான் அண்ணை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு காற்றைத் தேர்ந்தெடு, அது வரும்போது மட்டும் சுடு, மற்ற நேரம் விரலை எடுத்துவிட்டுப் படுத்திரு. சின்ன வயதில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றிப் பழகியவர், நூலில் வருகிற இழுப்பை வைத்துக் காற்று எப்போது திரும்பி வரும் என்று சொல்வாராம். நூல் கையில் இருந்தால் அவர் சொல்வது சரிதான். எங்கள் கையில் நூல் இல்லையே.

ஞாயிறு, தாராபுரம்

தம்பியின் அம்மாச்சி வீடு. அரிசிம்பருப்பு சாதம், நெய், கொள்ளுத் துவையல், அப்புறம் நாட்டுக்கோழி, அப்புறம் தூக்கம். சாயங்காலம் அமராவதிக் கரையில் நடந்தோம். மீட்டரை யாரும் பையிலிருந்து எடுக்கவில்லை.

சாப்பிடும்போது அவன் மாமா ஒருவர் கேட்டார், "இந்தப் பந்தயமெல்லாம் வெள்ளைக்காரனுதுதானே, நம்மாளுங்களுக்கு அங்க என்ன வேலை?" அக்கா விடுவாரா? பிஸ்லியில் இன்றைக்கும் சுடப்படுகிற கோலாப்பூர் கோப்பை கோலாப்பூர் ராஜா கொடுத்தது, 1871லிருந்து இருக்கிறது என்றார். பிஸ்லிக்கு முன்னால் இந்தப் போட்டிகள் நடந்த விம்பிள்டனில் விக்டோரியா ராணி 1860ல் முதல் போட்டியைத் தொடங்கிவைத்தபோது, தாங்கியில் முன்பே குறிபார்த்துக் கட்டிவைத்த ரைபிளின் பட்டுக் கயிற்றை இழுத்ததோடு சரி, காற்றுப் பார்க்கிற வேலையெல்லாம் அவருக்கு இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். 1930ல் பிஸ்லியின் பெரிய பரிசான அரசர் பரிசை ஒரு பெண், மார்ஜரி ஃபாஸ்டர், ஜெயித்ததைச் சொன்னபோது அம்மாச்சி மட்டும் இலையிலிருந்து நிமிர்ந்து "அத்தனை ஆம்பளைங்கள்லயுமா?" என்றார். ஆமாம் அம்மாச்சி, அத்தனை பேரிலும்தான்.

திங்கள், காங்கயம்

எங்கள் பெரியப்பாவின் கொரங்காடு. கொங்குக்கு வெளியே இருப்பவர்களுக்கு: இது மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த மானாவாரிக் காடு. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். காங்கயம் மாடுகள் நிற்பதெல்லாம் இந்தப் புல்லில்தான்.

நீண்டதூரச் சுடுநருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் நான் பார்த்ததில்லை. புல்லின் கதிர் முழங்காலுக்குக் கீழே அடிக்கும் காற்றைக் காட்டுகிறது, வெள்வேலக் கிளை இரண்டு ஆள் உயரக் காற்றைக் காட்டுகிறது, இரண்டும் ஒன்றாக இருப்பதே இல்லை. வேலி ஒரு ஆள் உயரம்தான். ஆனால் அதற்குக் கிழக்கே பத்தடியில் மீட்டர் 5 காட்டியது, நூறடி தள்ளிப் போனால் 15. வேலி, மரவரிசை எதுவானாலும் அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரைக்கும் காற்றை அடக்கிவைக்கும் என்பார்கள், இங்கே அளந்து பார்க்க முடிந்தது. மைதானத்தில் மரங்களுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு "காற்றே இல்லையே" என்று நம்பிச் சுட்டுப் புள்ளியை விடுகிறவர்களை இங்கே கொண்டுவந்து ஒருநாள் நிறுத்த வேண்டும்.

அண்ணைக்கும் தம்பிக்கும் வாக்குவாதம் இங்கேதான் வெடித்தது. எந்த இடத்துக் காற்றை நம்புவது? சுடுகிற இடத்துக் காற்றுதான் முக்கியம் என்றான் தம்பி, ஆரம்பத்திலேயே குண்டின் போக்கு திரும்பிவிட்டால் மீதித் தூரம் முழுக்க விலகிக்கொண்டே போகும். அண்ணை விடவில்லை. "ஓம், கணக்கு சரி. ஆனா குண்டு உயரத்தில பறக்கிறது நடுவழியில, அங்க காத்து பலமா இருக்கும். நீ படுத்திருக்கிற இடத்துக் காத்து உன்ர காதிலதான் அடிக்கும்." இரண்டுமே உண்மை என்பதுதான் தொல்லை.

நடுவில் பெரியப்பா வந்து, "ஏங்கண்ணு, ரண்டு பேரும் மேக்க பாக்கவே மாட்டீங்கறீங்களே" என்றார். மேற்கு வேலிக்கு அப்பால் பக்கத்துத் தோட்டத்துத் தென்னைகள் ஒரு பக்கமாகச் சீவிவிட்டாற்போல் சாய ஆரம்பித்திருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ணுவதற்குள் வீச்சு எங்கள் மேல் வந்து அடித்து என் நோட்டுப் பக்கங்களை எல்லாம் புரட்டிவிட்டது. குண்டு போகிற வழியில் அடிக்கும் காற்றையே அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள், இனி வரப்போகிற காற்றைப் பெரியப்பா பார்த்தார். மாடு மேய்த்து, கூரை கட்டி, தட்டுப்போர் போட்டு இத்தனை வருஷம் இருந்தவருக்கு அது மட்டும்தான் தேவை.

பொழுது சாய்கிற நேரம் களத்தில் பெரியம்மா சித்திரைப் பட்டத்து எள்ளைத் தூற்றிக்கொண்டிருந்தார். முறத்தைத் தலைக்கு மேல் தூக்கி அப்படியே நிற்கிறார். காற்று பலமாக வந்தால் கொட்ட மாட்டேன் என்கிறார், எள்ளே பறந்துவிடுமாம். ஓய்ந்துவிட்டாலும் கொட்டவில்லை, தூசி போகாதாம். நடுவாக ஒரு காற்று வரும்போது மட்டும் சரசரவென்று முழு முறத்தையும் கொட்டிவிடுகிறார். அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அண்ணை நடந்து போய்ப் பெரியம்மாவிடம் முறத்தைக் கேட்டு வாங்கி ஒருமுறை தூற்றினார், பாதி எள் வாசலுக்கு வெளியே போனது. "சாமி, வெச்சுட்டுப் போங்க" என்று மரியாதையாகத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

செவ்வாய், ஓடாநிலை

நாளை ஆடிப் பதினெட்டு. அறச்சலூர்ப் பக்கம் ஓடாநிலையில் தீரன் சின்னமலை மணிமண்டபத்துக்கு இன்றைக்கே போய்விட்டோம், நாளைக்குக் கூட்டம் தாங்காது. 1801ல் காவிரிக் கரையில், 1802ல் இங்கே, 1804ல் அறச்சலூரில் என்று கம்பெனிப் படையோடு மோதியவர், 1805ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கில் போட்டார்கள்.

எங்களுக்கு வேறு புத்தி வருமா, அந்தக் காலத்துத் துப்பாக்கியைப் பற்றித்தான் பேச்சு. கம்பெனிச் சிப்பாய் கையில் இருந்த மஸ்கட்டின் குழாய்க்குள் மரைவெட்டு கிடையாது, குண்டு சுழலாமல் தளர்வாக உருண்டு வெளியே வரும். நூறு கெஜத்துக்கு அப்பால் ஒற்றை ஆளைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டம். அதனால்தான் வரிசையாக நிறுத்தி மொத்தமாகச் சுட்டார்கள். அந்தச் சண்டைகளில் ஆடிக்காற்று யாருக்கும் பெரிய பிரச்சினையாக இருந்திருக்காது, அவ்வளவு கிட்டத்தில் நின்றார்கள். தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். குறிப்பலகை தவிர வேறு எதையும் நோக்கி ரைபிள் பிடித்துப் பழகாதவர்களுக்கு இந்தப் பேச்சு ஒரு எல்லைக்கு மேல் ஓடாது.

வெளியே வந்து மேற்கே பார்த்து ஒரு பாடம். காற்று நேர் எதிரே வந்தால் சுலபம் என்று நினைப்பார்கள், அதுதான் படுமோசம். நேர் எதிரான 12 மணித் திசையிலிருந்து காற்று இம்மியளவு இடப்பக்கம் நகர்ந்தால் குண்டை வலப்பக்கம் தள்ளும், இம்மியளவு வலப்பக்கம் நகர்ந்தால் இடப்பக்கம். குறுக்கே 20 மைல் காற்றில் திசை பத்து டிகிரி மாறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது, எதிர்க்காற்றில் அதே பத்து டிகிரி ஒரு மீட்டருக்குப் பக்கமாக இழுத்துவிடும். இந்த இடத்தில் சீட்டு எழுதச் சொன்னபோது தம்பிதான் திரும்பத் திரும்ப மீட்டருக்குப் பக்கத்தில் வந்தான். எப்படி என்று கேட்டால், புழுதி எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதில்லையாம், இடது காதில் சத்தம் அதிகமா வலது காதில் அதிகமா என்று கேட்கிறானாம். அண்ணை காது கேட்கும் மெஷின் வைத்திருப்பவர். சிரித்துவிட்டார். மைதானத்தில் இது உதவாது, அங்கே எல்லாரும் காதை அடைத்துக்கொண்டுதான் உட்காருவோம், அதையும் சொல்லிவிட்டார்.

புதன், பவானி

கூடுதுறையில் கால் வைக்க இடமில்லை. புதுத் தாலிக்கயிறு மாற்றும் பெண்கள், முளைப்பாரி, காதோலை கருகமணி, தேங்காய், ஐஸ்காரர், போலீஸ் மைக். அக்கா தன் சித்திகளோடு கும்பிடப் போய்விட்டார். நாங்கள் மூவரும் ஒரு மர நிழலில் நின்றுகொண்டோம். காற்று இங்கே பாதிகூட இல்லை, கணவாயை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம்.

மத்தியானச் சாப்பாட்டின்போது அக்கா செப்டம்பர் மேட்சுக்கான டீமை வாசித்தார். முதல் பலகைக்கு அண்ணை, இரண்டாவது பலகைக்குத் தம்பி, இரண்டுக்கும் மேலே முடிவெடுப்பவர் அண்ணை. ப்ளாட்டிங் நான். சுடுகிறவர்கள் பெயரைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

அண்ணை ரசத்தை ஊற்றிக்கொண்டே, "சரி. ஆனா நான் சொல்லாமல் அவன் ஒரு கிளிக்கும் தொடப்படாது" என்றார்.

"பத்து விநாடிக்குள்ள நீங்க சொல்லலேன்னா?" என்றான் தம்பி.

"பதினைஞ்சு."

அக்கா அதையும் குறித்துக்கொள்ளச் சொன்னார், குறித்துக்கொண்டேன். நாளைக் காலை கோவைக்கு வண்டி ஐந்தரைக்கு, டீ பாக்கி இன்னும் யார் யார் கொடுக்க வேண்டும் என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.